மணப்பெண்ணின் அத்தை ஸ்டிரைக் செய்கிறாள்

துவாரகா, டெல்லி,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பும் மரியாதையும் உள்ள உங்களுக்கு,

அருக்காணி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நீங்களும் அந்த அசாம் மழையில் நனையாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுங்கள். மெஸ்ஸில் ஊறுகாய் வைத்தால் தொடாதீர்கள்.

தினமும் போனில் பேசுகிறவள் இதென்ன புதிதாகக் கடிதம் எழுதுகிறாள் என்று பார்ப்பீர்கள். போனில் சொன்னால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் அச்சா, அச்சா, மீட்டிங் இருக்குது என்று வைத்துவிடுவீர்கள். இது பாதியில் வைக்கக்கூடிய விஷயம் இல்லை. அதனால் காகிதத்தில் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இன்றைக்கே படித்துவிடுங்கள். நாளைக் காலை நான் ஸ்டிரைக் செய்யப் போகிறேன்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் ஷூட்டிங்குக்குப் போவதைக் கூட்டத்தோடு கோவிந்தா போடுகிற வேலை என்று கேலி செய்வீர்கள். அது சரிதான். மார்க்கெட் சீனில் காய் பொறுக்குவேன், ஆஸ்பத்திரி சீனில் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். வாயை அசைக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது. ஆனால் இந்தத் தடவை அப்படி இல்லை. சத்தர்பூர் பக்கம் ஒரு ஃபார்ம்ஹவுஸில் வெப் சீரிஸுக்காக ஒரு கல்யாணம் எடுக்கிறார்கள். பெண் தமிழ், மாப்பிள்ளை பஞ்சாபி. என்னை மணப்பெண்ணுக்கு நேர் பின்னால் அத்தையாக உட்கார வைத்துவிட்டார்கள். பெண்ணின் முகத்தைக் காட்டும்போதெல்லாம் அவள் தோளுக்கு மேலே நான் தெரிவேன். நம் சொசைட்டியிலேயே பி பிளாக்கில் இருக்கும் பவுனுவை உங்களுக்குத் தெரியுமே, வீட்டுக்காரர் ஏர்போர்ட்டில் வேலை, அவள் எனக்குப் பக்கத்தில் சித்தியாக இருக்கிறாள்.

அந்தக் கல்யாணம் இப்போது பாதியில் நிற்கிறது. தாலி கட்டும் நேரத்தில் பெண் எழுந்து போகிற இடத்தை இனிமேல்தான் எடுக்க வேண்டும். இதில் கன்டினியூட்டி என்று ஒன்று இருக்கிறது. முன்னால் எடுத்ததில் எப்படி இருந்தோமோ அப்படியே மறுபடியும் வந்து உட்கார வேண்டும். அதே அரக்குப் பட்டு, அதே வளையல், பூ கூட அதே பக்கம். ஒரு பெண் என்னைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டு, முடி வெட்டிடாதீங்க ஆன்ட்டி, மெலிஞ்சிடாதீங்க என்று சொல்லி அனுப்பினாள். மெலிவதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். புடவை கம்பெனி தருவதில்லை. கல்யாண சீன் என்றால் அவரவர் சொந்தப் பட்டில்தான் வர வேண்டும்.

தகராறு, கடைசியாக ஷூட்டிங் நடந்த அன்று சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்தது. ஒரு கூடாரம் போட்டு உள்ளே சுற்றிலும் கேமரா வைத்திருந்தார்கள். நடுவில் நின்று திரும்ப வேண்டும், சிரிக்க வேண்டும், அழுவது போல முகத்தை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்து. எதற்கு என்று பவுனு கேட்டாள். ஒரு முறை ஸ்கேன் எடுத்துவிட்டால் அடுத்த படத்துக்கு நீங்கள் வரவே வேண்டாம், கம்ப்யூட்டரே உங்களை உட்கார வைத்துவிடும் என்று கூடாரத்தில் இருந்தவர் பெருமையாகச் சொன்னார். அப்போ மத்தியானச் சாப்பாட்டையும் கம்ப்யூட்டரே சாப்பிட்டுக்குமா என்று பவுனு கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். கையெழுத்துப் போடாமல் திரும்பி வரும்போது மெட்ரோவில் யாரும் சிரிக்கவில்லை. நான் போகாமலே என் முகத்தை எந்தக் கல்யாணத்திலும் எந்தச் சாவிலும் வைத்துக்கொள்ளலாம் என்றால், அப்புறம் நான் எதற்கு?

எங்கள் யூனியனில் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். அந்த ஸ்கேன் காகிதத்தைத் திரும்பப் பெற வேண்டும், பெண்களுக்குப் புடவை மாற்ற ஓர் அறை வேண்டும், இல்லையென்றால் திங்கள் முதல் ஒருவரும் வரமாட்டோம் என்று. இப்போது பஸ்ஸுக்குள் ஆளுக்கொரு பக்கம் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டுதான் மாற்றுகிறோம், அதை உங்களிடம் சொன்னதில்லை. நான் யூனியன் கார்டு வாங்கின அன்று, ஆபீஸ்ல யூனியனைச் சமாளிச்சுட்டு வீட்டுக்கு வந்தா இங்கயும் ஒண்ணா என்றீர்கள். பர்சனல் மேனேஜர் பெண்டாட்டியிடம் யூனியன் கார்டு. எனக்கும் அன்றைக்கு அது ஷூட்டிங் கேட்டுக்குள் விடுகிற பாஸ், அவ்வளவுதான்.

இனிமேல்தான் விஷயம். நேற்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்லெண்ணெயும் புளியும் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜ்யோத்ஸ்னா என்று ஒரு அசிஸ்டென்ட் டைரக்டர், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அதுவரை எங்களிடம் ஹிந்தியைத் தவிர வேறு பேசாதவள், நேற்று தட்டுத்தடுமாறித் தமிழில் பேசினாள். டைரக்டருக்கு என் முகம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். பெண் எழுந்து போகும்போது அத்தைக்கு ஒரு வசனம் வைத்திருக்கிறாராம். கல்யாணம் நிக்கட்டும், புள்ளைக்கு முதல்ல சோறு போடுங்க. இதுதான் வசனம்.

எனக்கு அந்தக் கடை வாசலிலேயே கண் கலங்கிவிட்டது. எத்தனை சீனில் சத்தம் இல்லாமல் வாயை அசைத்திருக்கிறேன். இப்போது என் குரல். வீட்டுக்கு வந்து எண்ணெயைக் கூட உள்ளே வைக்காமல் சொல்லிப் பார்த்தேன். கோபமாக ஒரு தடவை, அழுகையாக ஒரு தடவை, யாரையும் பார்க்காமல் ஒரு தடவை. சிலிண்டர் கொண்டுவந்த ஆள், மாதாஜி, யாரிடம் சண்டை போடுகிறீர்கள் என்று கேட்டார்.

ஆனால் அவள் கடைசியில் இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை பின் கேட் வழியாக வர வேண்டும், வந்ததும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். யாருகிட்டயும் சொல்லாதீங்க ஆன்ட்டி, இது உங்களுக்கு மட்டும்தான் என்றாள்.

அந்த யாருகிட்டயும் சொல்லாதீங்க என்பதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். நம் சாப்பாட்டு மேஜையில் கேட்டது. நோட்டீஸ் வந்தா பயப்படக்கூடாது அருக்காணி, மொத்தமாப் பேசினாத்தான் அவங்களுக்கு பலம், ஒவ்வொருத்தனாக் கூப்பிடணும், ஒவ்வொருத்தன் மனசுலயும் ஒரு ஆசை இருக்கும், அதைப் பிடிச்சுட்டா போதும், யாருகிட்டயும் சொல்லாதேன்னு அனுப்பிடணும் என்பீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் ரசம் ஊற்றிக்கொண்டே ஆச்சரியப்பட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு எவ்வளவு மூளை என்று பவுனுவிடம் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன். நேற்று அவர்கள் பிடித்தது என் மனசில் இருந்த ஆசையை.

இருந்தாலும் பொய் சொல்ல மாட்டேன். இன்று காலை கரோல் பாகில் யூனியன் கூட்டத்துக்குப் போகும்போது கூட, பின் கேட்டுக்கு எப்படிப் போவது என்று ஒரு பக்கம் மனசு கணக்குப் போட்டது. ஒரு கடைக்கு மேலே சின்ன அறை, மூச்சு விட இடமில்லை. செக்ரட்டரி குல்தீப் ஜி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். புது முகங்களை அவர்கள் எங்கிருந்தும் கூட்டி வரலாம், ஆனால் பாதிக் கல்யாணத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வராவிட்டால் முதலிலிருந்து எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், அதனால் உங்களைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்றார். எல்லோரும் எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. என் ஹிந்தி உங்களுக்குத் தெரியும். போன் வந்தது, வசனம் கொடுத்தார்கள், பின் கேட் என்றார்கள் என்று தப்பும் தவறுமாகச் சொன்னேன். என்ன வசனம் என்று யாரோ கேட்டார்கள். தமிழிலேயே சொன்னேன். அவ்வளவு பேருக்கு முன்னால், சத்தமாக, கல்யாணம் நிக்கட்டும், புள்ளைக்கு முதல்ல சோறு போடுங்க என்று.

பவுனு முகம் செத்துப் போய் எழுந்தாள். எனக்கும் அதே வசனம்தான் அக்கா என்றாள். பின்னால் ஒரு தெலுங்கு அம்மாள் கையைத் தூக்கி, தமிழே தெரியாமல் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த அதே வசனத்தை ஒப்பித்தாள். அப்புறம் சிரித்தோம் பாருங்கள், கீழே கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். பவுனு சிரித்துக்கொண்டே அழுதாள். மாப்பிள்ளை வீட்டுப் பஞ்சாபி மாமிகளும் ஒவ்வொருவராக எழுந்து அவரவருக்கு வந்த போனைச் சொன்னார்கள்.

அடுத்த யோசனை என்னுடையது, கேட்டால் உங்களுக்கே பெருமையாக இருக்கும். சபலம் எல்லோருக்கும் உண்டு, எனக்கே இருந்தது. அதே புடவை இல்லாமல் யாரும் பின் கேட்டில் நுழைந்து பிரயோஜனம் இல்லை. அதனால் கல்யாணத்துப் புடவைகளையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்றேன். குல்தீப் ஜி எழுந்து நின்று கை தட்டினார். இப்போது உங்கள் கட்டில் முழுக்கப் பட்டுப்புடவை. இது சட்டப்படி சரியா என்றுதான் முதலில் கேட்பீர்கள். எல்லாம் அவரவர் சொந்தப் புடவை, இஷ்டப்பட்டுக் கொடுத்தது, கேட்டால் உடனே திருப்பித் தருவோம். பெயர் எழுதி ஊசி குத்தி வைத்திருக்கிறேன். நாளை எல்லோருக்கும் புளியோதரை கிளறி எடுத்துக்கொண்டு முதல் மெட்ரோவில் சத்தர்பூர் போகிறோம். கேட்டுக்கு எதிரே உட்காருவோம்.

ஜெயிப்போமா தெரியாது. ஜெயித்தாலும் அந்த வசனம் எனக்குக் கிடைக்காது என்று குல்தீப் ஜி தனியாகச் சொல்லிவிட்டார். கூட்டத்தில் எழுந்து பேசியவளுக்கு வசனம் கொடுக்க மாட்டார்களாம். மூன்று பேருக்குக் கொடுத்த வசனம்தானே என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அது வேண்டும் என்றுதான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

இன்னும் ஒன்று. உங்கள் காண்ட்ராக்ட் ஆட்களும் நோட்டீஸ் கொடுத்திருப்பதாகப் போன வாரம் சொன்னீர்கள். அவர்கள் லீடருடைய மகனுக்குக் கம்பெனிப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமாம், செவ்வாய்க்கிழமை தனியாக வரச் சொல்லியிருக்கிறேன் என்று சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன். அந்தப் பையனுக்கு இடம் கொடுங்கள், நல்லா படிக்கட்டும். ஆனால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லாதீர்கள். போய் அவர் தன் சம்சாரத்திடம் கூடச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பார். உங்களிடம் நான் எதுவுமே கேட்டதில்லை என்று சொல்ல மாட்டேன், நிறையக் கேட்டிருக்கிறேன். இதையும் கேட்கிறேன். எல்லோரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, அவர்கள் எல்லோருக்கும் முன்னால் கொடுங்கள்.

முருகன் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உங்கள்
அருக்காணி