நான் மெலிய வரைந்த கால்

அக்கா,

சட்டத்துக்குள் ஈரம் புகுந்துவிட்டதென்று உன் படத்தை இன்று காலை கழற்றினேன். பின்னட்டையை உருவியதும் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனையோடு நான்கு தாள்கள் விழுந்தன. வண்ணம் பூசுவதற்கு முன்னால் உன்னைப் பார்த்து நான் போட்ட பென்சில் படங்கள். அங்கே செருகி வைத்ததே மறந்து போயிருந்தது.

மர்பி டவுன் வீட்டில் நான்கு ஞாயிறுகள் எனக்காக உட்கார்ந்தாய். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் முக்காலியைப் போட்டு வெங்காயம் உரிப்பாய். மாமா பேப்பர் படிப்பார். உன் மகள் ஸ்டெல்லா தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கண்ணில் படுவதைத்தான் வரைவேன் என்று எனக்கு அப்போது ஒரு திமிர். மாமாவின் கிழிந்த பனியனைக்கூட விடவில்லை.

நான்காம் வாரம் உன் பாதத்துக்கு வண்ணம் வைக்கும்போது எட்டிப் பார்த்தாய்.

"ஐயோ, என்னடி இவ்ளோ தடியா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணு."

"இருக்கறதத்தான் போடறேன்."

"நாள் பூரா நின்னா யாருக்குத்தான் வீங்காது? ஹால்ல மாட்டப்போற படம். ஒல்லியாப் போடு. கொலுசையும் சேத்துப் போடு."

சிரித்துக்கொண்டே போட்டேன். வந்தவர்கள் எல்லாரும் அந்தக் காலைத்தான் புகழ்ந்தார்கள். உனக்கு எவ்வளவு பெருமை. அந்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தது, முன்னாலேயே கூட்டி வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

வாரத்துக்கு ஒன்றாகப் போட்ட நான்கு தாள்களையும் இன்று வரிசையாகப் பரப்பினேன். முதலாவதில் கொலுசு தளர்ந்து கிடக்கிறது. இரண்டாவதில் இறுகியிருக்கிறது. மூன்றாவதில் சதைக்குள் புதைந்திருக்கிறது. நான்காவதில் கொலுசே இல்லை. கடிக்கிறது என்று கழற்றி வைத்திருந்தாய். வீட்டில் உன்னை அவ்வளவு உற்றுப் பார்த்தவள் நான் ஒருத்திதான். கோடு சரியா என்று பார்த்தேனே தவிர, உனக்கு என்ன என்று கேட்கவில்லை. அதற்காக என்னை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லா வைட்ஃபீல்டில் வேலை முடிந்து வந்தாள். உன் கொலுசை அவள்தான் போட்டிருக்கிறாள். ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள்.

"சித்தி, இந்தக் கொக்கியக் கழட்டி விடேன். ரெண்டு வாரமா கடிக்குது."

கழற்றினேன். கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது.

"என்ன சித்தி, என் காலையே பாக்கற?"

"கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

வண்டி வரும்வரை இதை எழுதுகிறேன். நான்கு தாள்களையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்ட வேண்டும்.