சாவு வீட்டுக் கூடாரத்துக்கு ஒரு பில்

பாசத்துக்குரிய ரத்தினம் மச்சானுக்கு,

உன் வருமான வரிப் படிவத்தை அனுப்பிவிட்டோம். ஆள் போன பிறகும், அவர் உயிரோடிருந்த மாதங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது விதி. உனக்குப் பதிலாக என் தங்கச்சி கையெழுத்துப் போட்டாள். நீ இருந்தவரை ஒரு வருடமும் கெடுவுக்குள் போகாத படிவம், இந்த முறை முன்கூட்டியே போய்விட்டது. சந்தோஷப்படுவாயா, அவமானப்படுவாயா?

சுங்கை சிப்புட்டில் உன் கொட்டகை நீ விட்டபடியே இருக்கிறது. கூடாரக் கம்பிகள் சுவரோரம். சிவப்பு நாற்காலி கல்யாணத்துக்கு, வெள்ளை நாற்காலி சாவு வீட்டுக்கு. சிவப்புக்கு வாடகை வாங்குவாய். தோட்டத்து ஆள் வீட்டுச் சாவென்றால் வெள்ளைக்கு ஒரு காசு வாங்கமாட்டாய். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்த பிறகு, அந்தத் தோட்டத்துச் சனம் எல்லாரும் சேர்ந்து உட்கார அந்த வெள்ளை நாற்காலிகள்தாமே மிச்சம்?

அதில் எனக்கு மறுப்பில்லை. அந்தச் சாவுகளுக்குப் போன லோரிக்கு ஊற்றிய டீசலையும் பையன்களின் கூலியையும் வியாபாரச் செலவில் எழுதினாயே, அதில்தான் மறுப்பு. வருமானம் தேடச் செய்த செலவை மட்டுமே கழிக்கலாம் என்று உன் கணக்கை எழுத ஈப்போவிலிருந்து வண்டி ஓட்டி வரும்போதெல்லாம் உனக்குச் சொல்வேன்.

"சாவு வீட்டுல நாம நின்னாத்தான் மச்சான் நாளைக்குக் கல்யாணத்துக்குக் கூப்புடுவாங்க. இது வெளம்பரம்லா."

"அதை வரி ஆபிஸ்ல சொல்லிப் பாரு. கடை வேற, நீ வேற. கணக்குல நீங்க ரெண்டு பேரு. தர்மம் பண்றது நீ. கடை உனக்குப் பில் போடணும்."

"எனக்கு நானே பில்லா? சட்டையக் கழட்டிக் காட்டவா? உள்ள ஒருத்தன்தான் இருக்கேன்."

பிறகு நீ போனாய். பையன்கள் யாரையும் கேட்காமல் உன் வாசலில் உன் கூடாரத்தையே போட்டார்கள். அதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று உன் மகள் யமுனா கேட்டாள். முதலாளியின் சொந்த எடுப்பு என்று எழுதச் சொன்னேன். எடுத்த நேரத்தில் முதலாளி இல்லை என்பதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆள் ஒன்றா இரண்டா என்பதில் சட்டம் உன் பக்கம்தான் இருந்தது. தனி ஆள் பேரில் பதிந்த வியாபாரத்தில் ஆளும் கடையும் ஒன்று. நீ போனதும் பதிவும் அந்தரத்தில் நின்றது. அதனால் யமுனாவின் யோசனைப்படி கம்பெனி ஆரம்பித்தோம். தங்கச்சி இயக்குநர், மாதச் சம்பளம் உண்டு. உன் பேரும் பலகையில் அப்படியே இருக்கிறது, பின்னால் தனியார் கம்பெனிக்குப் போடும் செண்டிரியான் பெர்ஹாட் என்று வால் முளைத்திருக்கிறது.

போன வாரம் கொட்டகையில் மூவரும் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. உன்னோடு தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டிய ஆறுமுகம் தவறிவிட்டார். அவர் மகன் கூடாரத்துக்காகத் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அக்கா, கேனப்பி கெடைக்குமா? இப்ப கம்பெனின்னு சொன்னாங்க… எவ்ளோ ஆகும்?"

தங்கச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"சும்மா குடுக்க முடியாதும்மா," என்றாள் யமுனா. அவளுக்கும் மனமில்லை. "கம்பெனி காசு நம்ம காசு இல்ல. மாமாதான் சொன்னாரு."

மாமாதான் சொன்னார். முப்பது வருடமாகச் சொன்னதை ஒருத்தி நம்பிவிட்டாள்.

"உங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் லோரி பாதி தூரம் போயிருக்கும்," என்றாள் தங்கச்சி. "இதுக்குத்தான் கம்பெனியாண்ணே? பலகையில அவர் பேரு எதுக்கு? எறக்கிரு."

மச்சான், உன்னிடம் பலிக்காததை அப்போது மறுபடி சொன்னேன். "கம்பெனி சும்மா குடுக்கக்கூடாது. உனக்குப் பில் போடட்டும், தங்கச்சி. நீ சம்பளத்துலேருந்து கட்டு. தர்மம் உன்னுது."

"என்ன வெலை?"

"ஊருக்கு என்ன வெலையோ அதே வெலை."

"என் கம்பெனிக்கு நானே காசு கட்டணுமா?"

"ஆமா."

"அப்ப சம்பளத்தக் கூட்டுங்க," என்றாள்.

யமுனா சிரித்துவிட்டாள். உன்னைப் புதைத்த பிறகு அந்தக் கொட்டகையில் கேட்ட முதல் சிரிப்பு. சம்பளம் கம்பெனிக்குக் கழிக்கத்தக்க செலவு. வரி தங்கச்சி தலையில் விழும். கணக்குப் போட்டுக் காட்டினேன். "விழட்டும்ணே," என்று சொல்லிவிட்டுப் போனிலிருந்து கையை எடுத்தாள். "தம்பி, காசப் பத்திப் பேசாத. லோரி வருது."

ஆறுமுகம் வீட்டில் வெள்ளை நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன். பில் போட்டு, கட்டி, ரசீது வாங்கிய நாற்காலி. உட்காருவதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

தங்கச்சி ஒருத்தியே எத்தனை சாவைத் தாங்குவாள்? அதனால் உனக்கு ஒரு வாக்கு. தோட்டத்துச் சாவில் ஒன்றுவிட்டு ஒன்று இனி என் பேரில் பில்லாகும். என் சாவுக்கான கூடாரத்துக்கும் நேற்றே பணம் கட்டிவிட்டேன். கூடாரம் போடும்வரை அது வருமானம் இல்லை, கடப்பாடு என்கிறது கணக்கியல். வரிச் சட்டமோ, பணம் கைக்கு வந்த வருடத்திலேயே வருமானம் என்கிறது. நான் சாகும்வரை அது காத்திருக்காது. வரியைக் கட்டச் சொல்லிவிட்டேன். நீ மட்டும் அவசரப்படாதே. வெள்ளை நாற்காலி ஒன்றைத் துடைத்து வை, மெதுவாக வாரேன்.

உன் கணக்கை இன்னும் முடிக்க மனமில்லாத,
உன் சாந்தியின் அண்ணன்