அரைச் சுற்று லூஸ்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகு வலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் விட்டுதா?

போன்ல சொன்னா நடுவுல அழுவே, அதான் எழுதறேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுபோச்சு. முதலாளி தன் பந்தயக் காருக்கு அறுநூறு குதிரைசக்தி இன்ஜின் ஒண்ணை வெளியில ஒரு நிபுணர்கிட்ட கொடுத்துக் கட்ட இருந்தார். நான்தான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "நானே கட்டித் தரேன்"னு மார் தட்டினேன். ஆறு வாரம் கட்டினேன். திங்கட்கிழமை ஸ்டார்ட் பண்ணதும் உள்ளே டக்டக்னு சத்தம். உடனே அணைச்சுட்டேன். "தப்பு என்னுதுதான், அந்த நிபுணரையே கூப்பிடுங்க"ன்னேன். வேலை போச்சுன்னுதான் நினைச்சேன்.

வந்தவங்க ஒரு அம்மா, நம்ம வயசுதான். பிரிச்சுப் பார்த்தா, பிஸ்டன் கம்பியைப் பிடிக்கிற போல்ட் ஒண்ணு அரைச் சுற்று லூஸ். "இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடியிருந்தா கம்பி இன்ஜினைப் பொத்துக்கிட்டு வந்திருக்கும்"னாங்க. நான் தள்ளித்தான் நின்னேன், கவலைப்படாதே. முதலாளி முறைச்சார். அந்தம்மாதான், "இன்ஜின் கட்ட ஆள் கிடைக்கும். சத்தம் கேட்டதும் அணைச்சுட்டுத் தப்பை ஒத்துக்கிற ஆள் லேசில கிடைக்காது"ன்னு சொன்னாங்க. உள்வேலையை அவங்க முடிச்சாங்க, மிச்சத்தை நான் பூட்டினேன். நேத்து அறுநூறு குதிரையும் ஒரே கயித்துல கட்டின மாதிரி சேர்ந்து ஓடுச்சு. என் வேலையும் தப்பிச்சுது.

என் கண்ணாடிப் பவர் சீட்டு பீரோவில இருக்கும், போட்டோ எடுத்து அனுப்பு. அப்புறம், இனிமே பேசி முடிச்சதும் போனை வெச்சுடாதே. சமையல் மேடையில ஓரமா விட்டுடு. பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டா எனக்குச் சாப்பாடு இறங்குது.

மணி அடிச்சிடுச்சு, ஓடறேன்.

உன் வீட்டுக்காரன்