செம்மொழி சொன்ன வார்த்தையும் ஒரு முறைத் தண்ணீரும்

குடவாசல்,
மாசி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகன் சேரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, மருமகள் வானதி, உன் மகள் செம்மொழி நாலு பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் தோஹாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் பேனா எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் டியூட்டி இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயேதான் கிடக்கும், என்றைக்காவது பிரித்துப் படித்துத்தான் ஆக வேண்டும். நாகூர் சித்தீக் லீவு முடிந்து சனிக்கிழமை திருச்சியில் பிளேன் ஏறுகிறான், உன் கேம்ப்புக்குப் பக்கத்துக் கேம்ப்பாம், அவன் கையில் இதையும் கொஞ்சம் வடகத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். சித்தீக் நமக்கு எப்படிப் பழக்கம் என்பது பின்னால் வரும்.

முதலில் வீட்டுச் செய்தி. சம்பா அறுத்து முடிந்தது. மிஷின்காரன் மேலவயலில் வரப்பை ஒரு பக்கமாக மிதித்துவிட்டுப் போய்விட்டான், உன் அப்பா மண்வெட்டியோடு போய் அணைத்துவிட்டு வந்தார், இந்த வயசில் வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டித் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறோம், நம் முறை இன்னும் வரவில்லை. அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து அரிதாளுக்குள் முளைத்துப் பச்சையாகத் தெரிகிறது, சக்கரம் ஓடிய இடத்தில் மட்டும் சொட்டை. வானதி தையல் மிஷினில் குனிந்தே கிடந்து இடுப்புவலி என்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறாள், நீ ஒரு வார்த்தை சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வானதியைக் கூப்பிட்டு, இனி அவ பந்தத் தொடக்கூடாது, பூட்ஸத் தூக்கிக் குளத்துல போடு என்று கத்தினாய். அன்றிலிருந்து மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நம் பக்கத்துப் பையன் ஒருவன் அதைச் சத்தமாகப் போட்டானாம், பேரு மட்டும் செம்மொழின்னு வெச்சுட்டீங்களே அண்ணே என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்களாம். சோறு உனக்குத் தொண்டையில் இறங்கியிருக்காது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் நீ பார்த்தது வெட்டி எடுத்த துண்டு. நான் அந்த மைதானத்தில் உட்கார்ந்து முழுசையும் பார்த்தவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் பெண்பிள்ளைகளுக்கும் பையன்களுக்கும் சேர்த்து ஃபுட்பால் டோர்னமெண்ட் நடத்தினார்கள். நம் பிள்ளைகளுக்கும் நாகூர்ப் பிள்ளைகளுக்கும் ஆட்டம். வானதிக்குத் தையல் வேலை இருந்ததால் நான்தான் பஸ் ஏறித் துணைக்குப் போனேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் துப்பட்டி போட்ட ஒரு அம்மாள். அவித்த கடலையை என் கையில் அள்ளிக் கொடுத்தாள், நான் முறுக்குக் கொடுத்தேன். அந்தப் பத்தாம் நம்பர் என் மக ஜஸீலா என்றாள். ஏழாம் நம்பர் என் பேத்தி என்றேன். செம்மொழி முதல் கோல் போட்டபோது அந்த அம்மாளே, மாஷா அல்லா, என்ன காலு இந்தப் புள்ளைக்கு என்று என் தோளைத் தட்டினாள். உன் மகள் மூன்று பிள்ளைகளைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ப் போட்டாள் சேரா, அதை யாரும் வெட்டிப் போடவில்லை, உனக்கு யாரும் அனுப்பவும் இல்லை. அப்புறம் ஜஸீலா ஒரு கோல் போட்டுச் சமமாக்கினாள். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் மூலைக்கொடிக்குப் பக்கத்தில் ஜஸீலா சறுக்கிக்கொண்டு வந்து பந்தையும் செம்மொழியின் கணுக்காலையும் சேர்த்துத் தட்டினாள். ரெஃப்ரி விசில் ஊதவில்லை. செம்மொழி எழுந்து நின்று ஏதோ சொன்னாள். பெஞ்சிலிருந்து பார்த்த எங்களுக்கு வாய் அசைந்ததுதான் தெரிந்தது, சத்தம் வரவில்லை. ஆட்டம் சமமாகவே முடிந்து, புள்ளிக் கணக்கில் இரண்டு டீமும் பைனலுக்குப் போயின, நானும் அந்த அம்மாளும் சிரித்துப் பேசிக்கொண்டே எழுந்து வந்தோம்.

அந்த மூலையில் ஒரு மூங்கிலில் போனையும் மைக்கையும் கட்டி யூடியூபில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்களாம். செம்மொழி சொன்னது அதில் பளிச்சென்று விழுந்திருக்கிறது. கமெண்ட்ரி சொல்கிறவன், தங்கச்சி செம சூட்டுல இருக்கு என்று சிரித்திருக்கிறான். நான் வீடு வந்து சேருவதற்குள் யாரோ அதை மட்டும் வெட்டிப் பாட்டுப் போட்டு ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தையை நான் இங்கே எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். எதிராளியின் அம்மாவை இழுக்கிற வார்த்தை. அந்த அம்மாள் கொடுத்த கடலை அப்போதும் என் முந்தானையில் மிச்சம் இருந்தது. உன் அப்பாவுக்குக் காது மிஷின் வைத்தும் பாதிதான் கேட்கிறது, போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, என்னதான் சொன்னா, இன்னொரு தடவ போடு என்று நாலு தடவை கேட்டார். வானதி சமையலறைக்குள் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் நான்தான் அவர் காதில் உரக்கச் சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஆக அந்த வார்த்தையை நானும்தான் சொல்லியிருக்கிறேன், மூங்கிலில் போன் இல்லாததால் தப்பித்தேன்.

அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று வானதியைக் கேட்டாயாம். பஸ்ஸில் வருகிறது, டீக்கடையில் வருகிறது, கரண்ட் வந்தும் மோட்டார் ஓடாத நாளில் நம் வீட்டுக் கொல்லையிலேயே வருகிறது, மோட்டாரை யார் திட்டுவார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. டிவியில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதைப் பார்த்துப் பாவம் எல்லோருக்கும் பல்வலி போல என்று ஒருநாள் சொன்னேன், செம்மொழிதான், கேமராவுக்குத் தெரியாமத் திட்டிக்கிறாங்க அப்பாயி என்று விளக்கினாள். கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவனும் வாயை அடக்கப் படிக்கவில்லை, கையால் மூடத்தான் படித்திருக்கிறான். இவள் மூடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டோர்னமெண்ட் கமிட்டியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். ஒரு வருஷம் எங்கேயும் ஆடக்கூடாது, கேமரா முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டு அதையும் யூடியூபில் போட வேண்டும் என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னார்கள். நானும் வானதியும் போனோம். தண்டனையே வேண்டாம் என்று சொல்ல நான் போகவில்லை. அந்தக் கேமரா இல்லாவிட்டால் ஜஸீலா ஒருத்தி மட்டும் அதைக் கேட்டு மனசுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள், நான் அவள் அம்மாவோடு சிரித்துக்கொண்டே இருந்திருப்பேன், அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அன்றைக்குப் பையன்கள் ஆட்டமும் அதே மைதானத்தில் அதே மூங்கில் முன்னால்தான் நடந்தது, அவர்கள் பேசியது இதைவிட மோசம், அவர்களுக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். அத யாரும் வெட்டிப் போடலீங்களே ஆச்சி என்றார் ஒருவர். அப்பத் தண்டனை திட்டினதுக்கா, வெட்டிப் போட்டதுக்கா என்றேன். ஆம்பளப் பசங்க வாய் அப்படித்தான் என்றார் இன்னொருவர். பந்து ஒண்ணு, கோல் கம்பம் ஒண்ணு, வாய்க்கு மட்டும் ரெண்டு சட்டமா தம்பி என்றேன். கேமராவில் மன்னிப்புக் கேட்க வைத்தால் அதையும் ஒருத்தன் வெட்டிப் பாட்டுப் போடுவான், திட்டு வாங்கினது அந்தப் புள்ள, மன்னிப்பு அந்தப் புள்ளகிட்டதான் போகணும், ஊர்ல இருக்குற போனுக்கெல்லாம் எதுக்கு என்று சொன்னேன். அப்புறம் நம் ஊர் வழக்கத்தைச் சொன்னேன்.

உனக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்காலில் வயலுக்கு வயல் முறைத் தண்ணீர் விடும்போது மடையில் நின்று ஒருவன் இன்னொருவன் அம்மாவை இழுத்துப் பேசிவிட்டால் அவனுக்கு அந்த ஒரு முறை கிடையாது. தன் கையாலேயே மண்வெட்டி எடுத்து, திட்டு வாங்கியவன் மடையைத் திறந்துவிட வேண்டும். அதோடு கணக்கு முடிந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் எடுத்தவனுக்கு ஒரு முறை போகும். நீ பிளஸ் டூ முடித்த வருஷம் பக்கத்து வயல்காரரிடம் வாயை விட்டாயே, உன் அப்பா உன்னைத்தான் மடை திறக்க வைத்தார். தண்ணீர் இல்லாமல் நம் நாற்று பழுத்தது, நீ வரப்பில் உட்கார்ந்து அழுதாய். ஆனால் அதற்குப் பின் இந்த ஊரில் ஒரு ஆள் அதைப் பற்றி உன்னிடம் பேசியதுண்டா, அடுத்த அறுப்புக்கு அந்த வயல்காரர் டிராக்டர்தானே நம் நெல்லை ஏற்றியது. இத்தனை வருஷம் கழித்து அதை எடுத்தவள் நான்தான், வழக்கப்படி எனக்குத்தான் ஒரு முறை போக வேண்டும், போகட்டும்.

கமிட்டித் தலைவர் இந்தப் பக்கம் குத்தகைக்கு நிலம் ஓட்டியவராம், கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் தலையாட்டினார். அப்ப ஒரு ஆட்டந்தானே ஆச்சி, ஆனா அது பைனலாப் போச்சே, பெரிய டீமுக்கு ஆள் எடுக்குறவங்க தஞ்சாவூர்லேர்ந்து வர்றாங்களே என்றார். வானதி என் தொடையைக் கிள்ளினாள். நாத்துக்குத் தண்ணி வேணுங்குற நேரத்துல போனாத்தான் அது முறை என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வானதி வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பைனலுக்கு முன்னால் செம்மொழி ஜஸீலா வீட்டுக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டாள், நான் வாசலோடு நின்றுகொண்டேன். அந்த அம்மாள் என்னை முதலில் பார்க்கவே இல்லை, அப்புறம், உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க என்றாள். ஜஸீலாவின் மாமாதான் சித்தீக், டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தவன் அவன்தான். பைனல் அன்று செம்மொழி யூனிபார்ம் போடாமல் கோட்டுக்கு வெளியே நின்றாள். வெளியே போகிற பந்தை ஓடி எடுத்து நாகூர்ப் பிள்ளைகள் கையில் கொடுப்பது அவள் வேலை, மடை திறப்பதற்குப் பதிலாக அதை நான்தான் கேட்டு வாங்கினேன். கணுக்கால் வீக்கத்தோடு ஓடினாள். முகத்தைச் சுளிக்கவில்லை. மூங்கிலில் போன் இருந்தது, ஒரு தடவைகூட அதன் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் செம்மொழி எடுத்துக் கொடுத்த பந்தை ஜஸீலா மூலையிலிருந்து அடித்தாள், அது இன்னொரு நாகூர்ப் பிள்ளை தலையில் பட்டுக் கோலாகி நம் பிள்ளைகள் தோற்றார்கள். ஆள் எடுக்க வந்தவர்கள் ஜஸீலாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அவள் கோப்பையோடு நேராக இவளிடம் வந்து, அடுத்த மேட்ச்சுக்கு வா, ரெண்டு காலையும் சேத்து எடுக்குறேன் என்றாள். மொதல்ல புடிடீ, அப்புறம் எடு என்றாள் உன் மகள். இரண்டும் சிரித்ததுகள். பரீட்சை முடிந்து சித்திரையில் தஞ்சாவூரில் இன்னொரு தேர்வு இருக்கிறதாம், ரெண்டு புள்ளையும் சேர்ந்து பழகட்டும் என்று அந்த அம்மாளே சொல்லி அனுப்பினாள். கடலையும் ஒரு பை கொடுத்தாள்.

ஆகவே சேரா, தண்டனை முடிந்தது. உன் மகள் நல்ல தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட்டாள். திட்டு வாங்கிய பிள்ளை அதை விட்டுவிட்டாள், அவள் அம்மா விட்டுவிட்டாள், கமிட்டியும் விட்டுவிட்டது, தோஹாவில் இருந்துகொண்டு நீ மட்டும்தான் இன்னும் மடையை அடைத்து வைத்திருக்கிறாய். பந்தே கூடாது என்கிறாய், அது ஒரு முறை இல்லை, வருஷம் முழுக்கத் தண்ணீரை நிறுத்துவது. பூட்ஸை வானதி குளத்தில் போடவில்லை, பரண்மேல் வைத்திருக்கிறாள், செம்மொழி ஏறி எடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அப்பா சொல்லட்டும் என்று இருக்கிறாள். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, அன்றைக்குக் கூப்பிட்டு அவளோடு பேசு. கால் வீக்கம் வடிந்ததா, உளுந்து எப்படி இருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கேள். அந்த விஷயத்தை எடுக்காதே, எடுத்தால் உனக்கு ஒரு முறை போகும்.

வடகத்தை டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வை, ஏசி ரூமில் நமத்துப் போகும். சித்தீக்குக்கும் அதில் பாதி கொடு. நம் குலதெய்வம் உனக்குத் துணை இருக்கட்டும், நோய்நொடி இல்லாமல் சித்திரையில் நல்லபடியாக ஊர் வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அம்மா
பூவம்மாள்.

மறந்துவிட்டேன். இந்தத் தாளின் பின்பக்கம் பேனாவால் வளைத்து வரைந்திருப்பது செம்மொழியின் வலது பாதம், இடது பாதத்தில் இன்னும் கொஞ்சம் வீக்கம் இருக்கிறது. எதுக்கு அப்பாயி என்று கேட்டாள், நான் சொல்லவில்லை. பழைய பூட்ஸ் இரண்டும் கட்டைவிரல் பக்கம் பிய்ந்துவிட்டன. கடையில் இதை வைத்துப் பார்த்து வாங்கு, வளர்கிற பிள்ளை, ஒரு விரல் கூடுதலாகவே இருக்கட்டும்.