கண்ணாடிக்குள் நம் நாற்காலி

என்னங்க,

ஊரில் யாராவது உங்களைப் பற்றி விசாரிக்கிறார்களா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். நீங்கள் வைத்தியத்துக்குப் போயிருக்கும் அந்த நாட்டுக் குளிருக்கு இன்னொரு கம்பளி அனுப்பியிருக்கிறேன்.

சின்னவளோடு அருங்காட்சியகம் போயிருந்தேன். சுதந்திரம் வந்த வாரம், முதல் மந்திரிசபை கூடியபோது உட்கார இருக்கை இல்லாமல், மந்திரிகள் நீங்கள் எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு போனீர்களே! நீங்கள் கொண்டுபோன நம் சமையலறை நாற்காலி இப்போது அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. நான் சூடான சட்டியை வைத்துச் சுட்ட கறுப்பு வட்டம் அப்படியே இருக்கிறது. ஆடுகிற காலுக்கு நீங்கள் அடித்த தகரமும்தான்.

"கிட்டப் போகாதீங்கம்மா. முதல் பிரதமர் உட்கார்ந்த நாற்காலி" என்றார் காவலாளி.

"அவர் வீட்டுலேருந்து சோபாதானே வந்துச்சு!"

சிரித்துவிட்டார். "அப்ப இது யாரோடதும்மா?"

உங்கள் பெயரைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சின்னவளுக்குப் பசி வந்துவிட்டது, கிளம்பிவிட்டோம்.

திரும்பி வந்து இந்தத் தேர்தலில் நிற்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் உடம்பு தேறட்டும். உங்கள் நாற்காலியைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். யாரையும் அதில் உட்கார விடுவதில்லை.

நாற்காலி போன நாளிலிருந்து நின்றுகொண்டே காய் நறுக்கும்,
உங்கள் வீட்டுக்காரி