பழைய ஐஸ் ஃபேக்டரியில் உன் படம்

அம்மா, உன் வாயாடி எழுதுகிறேன். மூட்டுவலி தேவலையா? அப்பாவின் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும். வார்டன் பார்த்தால் தொலைந்தேன்.

சனிக்கிழமை டியூஷனுக்குப் போகாமல் இங்குள்ள பழைய ஐஸ் ஃபேக்டரிக்குப் போனேன். திட்டாதே. இப்போது அங்கே படங்களை மாட்டி வைக்கிறார்கள். ஐஸ் கட்டிகளைத் தூக்கிய கொக்கிகளில்தான் எல்லாம் தொங்குகின்றன. யாரும் மாட்டலாம். ஆனால் வரைந்தவர் அரை மணி நேரம் பக்கத்தில் நின்று, மற்றவர்கள் சொல்வதை வாய் திறக்காமல் கேட்க வேண்டும். நானாவது, வாயை மூடுவதாவது!

உன்னைத்தான் வரைந்திருந்தேன். நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய விடியற்காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தாயே, எழுப்ப மனமில்லாமல் வந்துவிட்டேனே, அந்தக் கோலம்.

ஒரு தையல்காரம்மா வெகுநேரம் பார்த்தார். "இந்தம்மா எங்க தூங்குறாங்க?" என்றார்.

"கண்ணு மூடித்தானே இருக்கு. உனக்கு எல்லாத்துலயும் குத்தம்" என்றார் அவர் கணவர்.

"கையப் பாருங்க. தூங்குறவ போர்வைய இப்படியா இறுக்கிப் புடிப்பா?"

நான் பார்த்தபடியேதான் வரைந்தேன் அம்மா. எனக்கே அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

டியூஷனுக்கு மட்டம் போட்டது வார்டனுக்குத் தெரிந்துவிட்டது. உன் கையெழுத்தோடு சம்மதக் கடிதம் வராவிட்டால் இனி வெளியே விடமாட்டாராம். உடனே அனுப்பு. உன் பழைய புடவை ஒன்றும் அனுப்பு, இங்கே போர்வை குத்துகிறது.

செருப்புச் சத்தம் கேட்கிறது. அன்றைக்கு நீ விழித்துத்தான் இருந்தாயா அம்மா? அதை மட்டும் தனித்தாளில் எழுது.