மாடி அறைக்கு ஒன்பது திசை

அன்பு மகள் வாண்டுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். இல்லை என்று சொன்னால் அவள் கைவைத்தியத்தில் இறங்கிவிடுவாள், அதனால் நான் எப்போதுமே சௌக்கியம். உன் உடம்பு எப்படி என்று உண்மையாக எழுது. இதை நம் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், போனில் பேசினால் என் தோளுக்கு மேலே உன் அம்மாவின் காது இருக்கும்.

போன தடவை நீ என்ன படிக்கிறாய் என்று கேட்டதற்கு மூன்று பரிமாணத்துக்கு மேலே என்றாய், நான் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தேன். ஒன்றைச் சரியாகச் சொல்ல எத்தனை தனித்தனி எண் வேண்டுமோ அத்தனை பரிமாணம், அவ்வளவுதான்பா என்று நீ தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. மறுநாள் கடையில் புரிந்துவிட்டது. படிக்கிற ரெடிமேட் கண்ணாடிக்கு ஒரே எண், பவர். வரிசையாக மாட்டினால் ஒரு கோடு, யார் வந்தாலும் முன்னே பின்னே ஒன்று பொருந்தும். டாக்டர் சீட்டோடு வருகிறவருக்குப் பவர், சிலிண்டர் என்று பார்வைக் கோணலுக்குத் தனியாக ஒரு பவர், அது சாய்கிற கோணம், அதுவும் கண்ணுக்குக் கண் வேறே. ஒருத்தர் வாங்காமல் விட்டுப்போனது இன்னொருத்தருக்குப் பொருந்தி நான் பார்த்ததில்லை. எண் கூடக் கூட ஆளுக்கு ஆள் தூரமும் கூடுகிறது. ஆக இத்தனை காலமும் நான் ஆறு பரிமாணத்தில் வியாபாரம் செய்திருக்கிறேன், என் கணக்கு வாத்தியார் கேட்டால் மயங்கி விழுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போனதிலிருந்து அம்மா குக்கரோடு பேசுகிறாள், பேச்சுத் துணைக்கு உன் மாடி அறையை யாருக்காவது விடுங்கள் என்று நீயும் சொன்னாய். அம்மா சரி என்றாள். புரோக்கரிடம் முதலில் மூன்றே கண்டிஷன், பெண்ணாக இருக்கணும், வேலைக்குப் போகணும், சத்தம் கூடாது. ஆள் மேல் ஆள் வந்தது. உடனே இவள் சேர்க்க ஆரம்பித்தாள். புத்தக அலமாரியை நகர்த்தக்கூடாது, சுவரில் நீ கிறுக்கியதை அழிக்கக்கூடாது, ஜன்னல் பக்கம்தான் தலைவைத்துப் படுக்கணும், லேட்டானால் போன் பண்ணணும், ஞாயிற்றுக்கிழமை தலைவாரிவிடச் சம்மதிக்கணும். மூணு கேளுங்கம்மா, நாளைக்கே கூட்டிட்டு வரேன், எட்டு கேட்டா படைச்சவன்கிட்டதான் ஆர்டர் கொடுக்கணும் என்று புரோக்கர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆனாலும் ஒரு நர்ஸ் வந்தாள், எட்டுக்கும் தலையாட்டினாள், தலைவாருவதற்குக்கூட. அப்பாடா என்றிருந்தேன். உன் அம்மா என்னை அடுக்களைக்குத் தள்ளிக்கொண்டு போய், எதுக்கெடுத்தாலும் சரிங்கம்மாங்கறா, எதிர்த்து ஒரு வார்த்தை இல்ல, இவளோட எப்படிக் காலந்தள்றது என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவள் தேடுவது குடித்தனக்காரியை இல்லை, உன்னை. எட்டு கண்டிஷன் என்கிற தரையில் பார்த்தால் நர்ஸும் நீயும் ஒரே புள்ளி. எதிர்த்துப் பேசணும் என்று அம்மா ஒன்பதாவதாக மேலே ஒரு திசையை நட்டாள், நீ மொட்டைமாடிக்குப் போய்விட்டாய், அந்தப் பெண் கீழேயே நிற்கிறாள்.

அதோடு விடாமல் ஹாலுக்கு வந்து, என் பொண்ணு லீவுக்கு வந்தா நீ காலி பண்ணிடணும் என்றும் ஒரு போடு போட்டாள். நர்ஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அது மட்டும் நடக்காதும்மா, எனக்கு எப்பவும் ராத்திரி டியூட்டி, அதே கட்டில்ல ராத்திரி உங்க பொண்ணு படுக்கட்டும், பகல்ல நான் படுக்கறேன், நான் எதுக்குத் தெருவுக்குப் போகணும், நீங்க பேசறது நியாயமா என்று கேட்டாள். நான் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என்ன வாய் இந்தப் பொண்ணுக்கு என்றபடி உன் அம்மா உள்ளே போய்ச் சாவியோடு வந்தாள். அதை நர்ஸ் கையில் கொடுத்தாள். இப்போது தினமும் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை, குக்கருக்கு ஓய்வு, அம்மா பாடிக்கொண்டே வேலை செய்கிறாள்.

நேரத்தையும் ஓர் எண்ணாகச் சேர்த்துக்கொண்டால் ஒரே கட்டிலில் இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் படுக்கலாம், இதை உன் புரொபசரிடம் சொல். ஒரு சிக்கல்தான், அவள் டியூட்டி முடிந்து எட்டு மணிக்கு வருவாள், நீ பத்துவரை தூங்குவாய். ஆகையால் லீவுக்கு வருவதற்குள் எட்டுக்கு முன்னே எழுந்திருக்கப் பழகிக்கொள். பிறந்ததிலிருந்து அம்மா கத்தி நடக்காதது கணக்கால் நடக்கட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. அடுக்களையில் பேசியதை நான் எழுதினேன் என்று அம்மாவிடம் மூச்சு விடாதே.

எல்லாத் திசையிலிருந்தும் ஆசியோடு,
உன் அப்பா